சோளத்துக்கு எவ்வளவு இடைவெளி? இலையின் சாய்வைப் பார்த்துத் தீர்மானிப்போம்

ஒட்டுசுட்டான் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எங்களுக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் 2 ஏக்கர் வயலும், வீட்டோடு ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலமும் உண்டு. போன காலபோகத்தில் மேட்டுநிலத்தில் ஒரு ஏக்கருக்குக் கலப்பினச் சோளம் போட்டோம். படைப்புழு தின்றாலும் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று, இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் குழிக்கு இரண்டு விதை ஊன்றினோம். இரண்டுமே முளைத்தன, பிடுங்க மனமில்லாமல் விட்டுவிட்டோம். செடிகள் மிக உயரமாக, மெலிந்து வளர்ந்தன. மூன்றில் ஒரு பங்குக்குப் பொத்தியே வைக்கவில்லை. மார்கழி மழைக்காற்றில் பல சாய்ந்தும் விட்டன. பக்கத்துக் காணிக்காரர் வேறொரு கலப்பினத்தை எங்களை விடவும் நெருக்கமாக, இரண்டடிக்கு முக்கால் அடியில், குழிக்கு ஒன்றாக நட்டு நல்ல விளைச்சல் எடுத்தார். மிகுதி அரை ஏக்கரில் உழுந்தை ஒன்றரை அடி வரிசையில் விதைத்தோம். உழுந்தை விடக் களைதான் அதிகம். வயலில் மாமா ஏக்கருக்கு 4 புசல் நெல் வீசுகிறார். குறைத்தால் வயல் வெளித்துவிடும் என்கிறார். நெருக்கம் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விக்குள்ளேயே பதிலின் பாதி இருக்கிறது. ஒரே மண்ணில், ஒரே மாரியில், சோளத்தை நெருக்கி நட்டதால் கெட்டது. உழுந்தை விலக்கி நட்டதால் கெட்டது. ஆகவே நெருக்கம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, இந்தச் செடி தன் இலைகளை எப்படி விரிக்கிறது, எவ்வளவு உயரம் போகிறது, பக்கத்தில் இடம் கிடைத்தால் கிளைத்து அதை நிரப்பக்கூடியதா, நிரப்புவதற்கு அதற்கு எத்தனை நாள் உண்டு என்று கேட்க வேண்டும். இடைவெளி என்பது செடியின் உருவத்திலிருந்து வருகிற அளவு. விதைப்பைக்குள் வரும் துண்டுத்தாளில் எழுதியிருக்கும் அளவும், யாரோ ஒருவர் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக் கண்டதுதான்.

முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்வோம். பக்கத்துக் காணிக்காரர் உங்களை விட நெருக்கி நட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. இரண்டடிக்கு ஓரடி என்றால் ஒரு குழிக்கு 2 சதுர அடி. ஏக்கருக்கு ஏறத்தாழ 21,800 குழிகள். நீங்கள் குழிக்கு இரண்டு செடி விட்டதால் உங்கள் ஏக்கரில் ஏறத்தாழ 43,500 செடிகள் நின்றன. அவருடையது இரண்டடிக்கு முக்கால் அடி. செடிக்கு ஒன்றரைச் சதுர அடி, ஏக்கருக்கு ஏறத்தாழ 29,000 செடிகள். அதாவது அவரை விட ஒன்றரை மடங்கு நெருக்கத்தில் நின்றது உங்கள் சோளம்தான். குழியின் தூரத்தை மட்டும் பார்த்து நெருக்கத்தை மதிப்பிடும் இந்தத் தவறை நான் மேட்டுநிலங்களில் அடிக்கடி காண்கிறேன். 2018ஆம் ஆண்டு படைப்புழு இலங்கைக்குள் வந்த பிறகு, பயத்தில் கூடுதல் விதை போடும் வழக்கம் வலுத்துவிட்டது. போடுவதில் பிழையில்லை, முளைத்து இரண்டு கிழமைக்குள் மிகுதிச் செடியைப் பிடுங்கி ஐதாக்காமல் விடுவதில்தான் பிழை இருக்கிறது.

இனி, அந்த 43,500 செடிகளுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு நிலத்தின் மேல் நிற்கும் இலைகளையெல்லாம் பறித்துப் பக்கம் பக்கமாக அடுக்கினால், அவை அந்த நிலத்தை எத்தனை தரம் மூடும் என்ற எண்ணைப் பயிரியலார் இலைப்பரப்புச் சுட்டி என்பர். 1947இல் வாட்சன் என்பவர் வகுத்துத் தந்த அளவு அது. ஒரு தரம் மூடும் அளவுக்கு இலை இருந்தால் சுட்டி 1. மூன்று தரம் என்றால் 3. 1953இல் மொன்சி, சயெக்கி என்ற இரண்டு யப்பானிய ஆய்வாளர்கள், இலைகள் அடுக்கடுக்காகக் கூடும்போது ஒளி கீழே எவ்வாறு குறைந்து செல்கிறது என்பதை ஒரு சமன்பாட்டில் அமைத்தார்கள். அந்தச் சமன்பாட்டின்படி, இலைகள் தட்டையாக விரிந்து நிற்கும் பயிரில் சுட்டி 3 ஆகும்போதே உச்சி வெயிலில் பத்தில் ஒன்பது பங்கு பிடிபட்டுவிடுகிறது. இலைகள் நிமிர்ந்து நிற்கும் பயிரில் அதே 3க்கு நான்கில் மூன்று பங்கைச் சற்றுக் கடந்த அளவே பிடிபடும். 95 வீதத்தை எட்டச் சுட்டி 6 வரை போக வேண்டும்.

இதைக் கேட்டவுடன் தட்டையான இலையே சிறந்தது என்று தோன்றும். செடிகள் ஐதாக நிற்கும் வரை அது உண்மையும்கூட. குறைந்த இலையால் அதிக நிலத்தை நிழலிட்டு, களையையும் அடக்கிவிடும். ஆனால் நெருக்கி நடும்போது நிலைமை தலைகீழாகிறது. நெல், உழுந்து, கௌபி, கச்சான் போன்ற பயிர்களில் ஒரு தனி இலை முழு வெயிலையும் பயன்படுத்தாது. வெயிலின் பாதியளவு ஒளியிலேயே அதன் ஒளித்தொகுப்பு உச்சத்தை நெருங்கிவிடும், மேலதிகமாக விழுவது அந்த இலைக்கு வீண். தட்டையான உச்சி இலைகள் தமக்குத் தேவையில்லாததையும் பிடித்து வைத்துக்கொண்டு கீழ் இலைகளை இருட்டில் விடுகின்றன. நிமிர்ந்த இலைகள் உச்சி வெயிலைச் சரிவாக வாங்குவதால் ஒவ்வொன்றும் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மிகுதியைக் கீழே அனுப்புகின்றன. ஒரே வெயில் பல இலைகளுக்குப் பங்காகிறது. சோளம் இந்த வகையில் வேறுபட்ட செடி. முழு வெயிலிலும் அதன் இலைக்கு இன்னும் வாங்கும் சக்தி இருக்கும். ஆயினும் அங்கும் இலையின் சாய்வு முக்கியமாகிறது. காரணம், பொத்தி செடியின் நடுப்பகுதியில் பிறக்கிறது. அதற்கு உணவூட்டுவதில் பெரும்பங்கு அதை ஒட்டி மேலும் கீழும் உள்ள இலைகளுக்கே. உச்சி இலைகள் குடைபோல விரிந்தால் நடு இலைகள் பட்டினி கிடக்கும்.

உங்கள் சோளம் உயர்ந்து மெலிந்ததற்கும் ஒளியே காரணம், ஆனால் அதன் அளவு குறைந்ததால் மட்டும் அன்று. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, சிவப்புக்கு அப்பாலுள்ள தொலைச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் தெறிக்க விடுகிறது. பக்கத்தில் இன்னொரு செடி நின்றால் இந்த இரண்டின் விகிதம் மாறும். அந்த மாற்றத்தைப் பைற்றோகுரோம் என்ற நிறப்பொருளால் செடி உணர்ந்துகொள்கிறது. நிழல் உண்மையில் விழுவதற்கு முன்னரே, அயற்செடியிலிருந்து தெறித்து வரும் ஒளியைக் கொண்டே அது போட்டியை அறிந்து, தண்டை நீட்டத் தொடங்குகிறது. வேருக்கும் தண்டின் பருமனுக்கும் போக வேண்டிய உணவு உயரத்துக்குப் போய்விடுகிறது. ஒரே குழியில் ஒட்டி நின்ற இரண்டு செடிகளும் முளைத்த சில நாட்களிலேயே இந்தப் போட்டியில் இறங்கியிருக்கும். மார்கழிக் காற்றில் அவை சாய்ந்ததற்கான காரணம் ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டது.

பொத்தி வைக்காமல் போனதற்கும் இதுவே அடி. நெருக்கத்தில் உணவு போதாமல் நிற்கும் சோளம், மேலே உள்ள ஆண்பூவை ஏறக்குறைய உரிய நேரத்தில் விரித்துவிடும். பொத்தியிலிருந்து வெளிவர வேண்டிய நாரை, அதாவது மகரந்தத்தை வாங்கும் இழையைத்தான் தாமதிக்கும். நார் வெளிவரும் வேளையில் மகரந்தம் உதிர்ந்து முடிந்திருந்தால் மணி பிடிக்காது. இன்னும் மோசமான செடியில் நாரே வெளிவராது.

பக்கத்துக் காணிக்காரரின் சோளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து ஒன்றை ஊகிக்கிறேன்: அவருடைய இனத்தில் மேல் இலைகள் தண்டோடு ஒட்டி, நிமிர்ந்து நின்றிருக்கும், உச்சியிலுள்ள ஆண்பூவும் சிறிதாக இருந்திருக்கும். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1930களில் ஏக்கருக்கு ஏறத்தாழ 12,000 சோளச் செடி நட்டார்கள். இன்று 32,000 வரை நடுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே விளைச்சல் பல மடங்கு கூடியதற்கு, ஒரு செடி தரும் மணி கூடியது முக்கிய காரணம் அன்று. நெருக்கத்தைத் தாங்கி, ஒவ்வொன்றும் ஒரு பொத்தியைத் தவறாமல் தரும் உருவத்தை, அதாவது நிமிர்ந்த இலையையும் சிறிய ஆண்பூவையும் உறுதியான தண்டையும், படிப்படியாகத் தெரிந்தெடுத்ததே காரணம். அந்த உருவமில்லாத இனத்தை அந்த நெருக்கத்தில் நட்டால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

இந்தச் சிந்தனையை 1968இல் தொனால்ட் என்ற அவுஸ்திரேலியப் பயிரியலாளர் மிகத் தெளிவாக முன்வைத்தார். தனியே நிற்கும்போது விரிந்து, பக்கத்துச் செடியை அமுக்கி வளரும் செடி, வயலாகச் சேர்ந்து நிற்கும்போது தன் இனத்தையே அமுக்கும். ஆகவே நல்ல பயிர்ச்செடி என்பது போட்டியில் பலவீனமான செடி என்றார். முற்றத்தில் ஒற்றையாக நின்று நாலு பொத்தி வைக்கும் சோளத்தைக் கண்டு அதன் விதையை எடுத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் செடி ஏக்கர் கணக்கில் நிற்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. வீதிக்கரை வரிசையைப் பார்த்து ஒருவரின் பயிரை மதிப்பிடுவதும் இதே வகைப் பிழைதான். ஓர வரிசைக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் உள் வரிசைக்குக் கிடைப்பதில்லை.

இனி உழுந்து. உழுந்து குட்டையான, எழுபது நாளை ஒட்டி முடிந்துவிடும் பயிர். ஒன்றரை அடி வரிசைக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை அதன் கிளைகள் மூடுவதற்குள் பூத்துக் காய்க்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு புதிய இலைக்கு அது பெரிதாகச் செலவிடாது. இடையில் விழுந்த வெயிலெல்லாம் கோரைக்கும் புல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. உழுந்துக்கும் பாசிப்பயறுக்கும் ஓரடி வரிசையில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, அதாவது 30 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றராக வைப்பது அந்தக் குறுகிய வாழ்நாளுக்காகத்தான். சற்றே விரியும் கௌபிக்கு வரிசைக்குள் 15 சென்ரிமீற்றர் விடலாம். களை எடுக்க மண்வெட்டி நுழைய வேண்டும் என்பதற்காக நீங்கள் வரிசையை அகலித்திருப்பீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அகலித்ததாலேயே களை எடுக்கும் வேலை இரட்டித்திருக்கிறது. ஓரடி வரிசையில் மூன்றாம் கிழமையில் ஒரு தடவை சிறு கைக்கருவியால் கொத்திவிட்டால், மிகுதிக் களையைப் பயிரின் நிழல் பார்த்துக்கொள்ளும்.

அந்த இடத்தில் அடுத்த முறை கச்சான் போடுவதானால் இதே கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். கச்சானுக்கு 45 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் என்பது நல்ல அளவு. நிமிர்ந்து வளரும் இனத்துக்கு வரிசையைச் சற்றுக் குறைக்கலாம், படரும் இனத்துக்குக் குறைக்கக் கூடாது. அதை மிக நெருக்கினால் செடி நிலத்தை விட்டு உயர்ந்து, மேல் கணுக்களிலிருந்து காய் பிடிக்க இறங்கும் ஊசிகள் மண்ணை எட்டாமல் காய்ந்துபோகும். மேலே பச்சை திரண்டு நிற்கும், பிடுங்கினால் காய் இருக்காது.

வயலைப் பற்றி மாமா சொல்வதை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். புழுதியில் விதைத்து மழையை நம்பியிருக்கும் இடத்தில், முளை தவறும், பறவை பொறுக்கும், தாழ்ந்த இடத்தில் நீர் நின்று விதை அழுகும்; இதையெல்லாம் பட்டறிந்தவர்தான் கூடுதலாக வீசுவார். மேலும் அவர் இளமையில் கண்ட உயரமான, இலை தொங்கும் நெல்லினங்களில் இலைக்கூரை விரைவாக மூடிக் களையை அடக்கியது. ஆனால் 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லுக்குப் பிறகு உலகெங்கும் நெல்லின் உருவமே மாறிவிட்டது: குட்டையான தண்டு, நிமிர்ந்த குறுகிய இலை, அதிக மட்டம் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கத்தண்டு). பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து இன்று நம் வயல்களில் நிற்கும் இனங்களும் அந்த வழியில் வந்தவையே. இவை வெற்றிடத்தை மட்டம் வெடித்து நிரப்பக்கூடியவை.

கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஆயிரம் மணி 25 கிராம் நிறையுள்ள இனமானால், ஏக்கருக்கு 2 புசல் என்பது ஒரு சதுர மீற்றருக்கு 400க்கு மேற்பட்ட விதை, 4 புசல் என்பது 800க்கு மேல். ஒரு சதுர மீற்றரில் 300 முதல் 400 வரை நல்ல கதிர் நின்றாலே அது நிறைந்த வயல்தான். கீரிச்சம்பா போன்ற சிறுமணி இனமானால் ஒரு புசலில் மணிகள் இன்னும் கூடுதல் என்பதையும் மாமாவுக்கு நினைவூட்டுங்கள். அளவுக்கு மீறி முளைத்த வயலில் முதல் மாதத்திலேயே இலைகள் ஒன்றையொன்று மூடி, கீழ் இலைகள் காலத்துக்கு முன் பழுத்துவிடுகின்றன. நெல்லின் வேருக்கு உணவு அனுப்புவதில் பெரும்பங்கு அந்தக் கீழ் இலைகளுக்கே. அவை போனால் வேர் தளர்ந்து, தண்டு மெலிந்து, கதிர் பாரமாகும் நேரத்தில் வயல் விழுகிறது. காற்றோட்டமில்லாத அந்த அடியில் கபிலநிறத் தத்திப் பூச்சியும் பெருகும்.

உருவத்தை விதை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யூரியாவை அளவுக்கு மீறி, ஒரே தடவையில் கொட்டினால், நிமிர்ந்த இலையுள்ள நெல்லும் நீண்டு தொங்கும் இலையுள்ள நெல்லாக மாறிவிடும். நெல் மண்ணிலிருந்து எடுக்கும் சிலிக்கா இலையை விறைப்பாக நிறுத்துகிறது. அந்தச் சிலிக்கா பெரும்பாலும் வைக்கோலிலும் உமியிலுமே தங்குவதால், வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பிக் கொடுப்பது இலையின் நிமிர்வுக்கும் உதவும். வைக்கோல் எரியும் புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆனாலும் ஒரேயடியாக 4 புசலிலிருந்து 2 புசலுக்கு இறங்க வேண்டாம். வயல் சமமாக இல்லாவிட்டால், மேடான இடங்கள் மாமா பயப்படுவது போலவே வெளித்துப்போகும். ஒரு ஏக்கரை நன்றாகச் சமப்படுத்தி, முளைதிறன் பார்த்த விதையில் அங்கே மட்டும் 3 புசல் வீசுங்கள். மற்ற ஏக்கர் மாமாவின் கணக்கில் இருக்கட்டும். வெட்டும்போது அவரே இரண்டையும் நிறுத்துப் பார்க்கட்டும்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. மார்கழியில் நண்பகலில்கூட அது தெற்கே 32 பாகை சாய்ந்து நிற்கும். பகல் குறுகியது, முகில் அதிகம். முகிலூடாகப் பரவி வரும் ஒளி இலைகளுக்கிடையில் ஓரளவு நன்றாக இறங்கும் என்றாலும், மொத்த ஒளி குறைவு. ஆகவே ஒரே சோள இனத்தைச் சிறுபோகத்தில் நீர் கொடுத்துச் செய்யும்போது தாங்கும் நெருக்கத்தைக் காலபோகத்தில் எதிர்பார்க்கக் கூடாது. வரிசை எந்தத் திசையில் போக வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. தனிப்பயிருக்கு நம் நாட்டில் அது பெரிய வித்தியாசம் செய்யாது. சோளத்துக்கிடையில் கச்சானோ உழுந்தோ ஊடுபயிராக வைத்தால் வடக்குத் தெற்காக வரிசை போடுவது நல்லது. காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் குட்டைப் பயிருக்கு வெயில் கிடைக்கும். ஆனால் உங்கள் காணியின் சரிவு வேறு திசையிலிருந்தால் சரிவுக்குக் குறுக்காகவே போடுங்கள். மாரி வெள்ளத்தில் மண் போனால் வெயிலால் அதைத் திருப்பித் தர முடியாது.

கடைசியாக, நெருக்கம் சரியா என்பதை நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி. ஒரு மீற்றர் நீளமான நேரான தடியை எடுத்து, 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 20 கட்டங்கள் குறியுங்கள். முகிலில்லாத நாளில், நண்பகல் பன்னிரண்டு மணியை ஒட்டி, பயிருக்குள் ஐந்து இடங்களில் அதை வரிசைக்குக் குறுக்கே சாய்வாக நிலத்தில் வைத்து, வெயில் விழும் கட்டங்களை எண்ணுங்கள். மொத்தம் 100 கட்டங்கள் ஆவதால் எண்ணிக்கையே வீதமாகிவிடும். பூக்கும் பருவத்தில் 5 முதல் 10 வரை வெயில் கட்டம் இருந்தால் நெருக்கம் பொருத்தமானது என்று நான் எடுத்துக்கொள்வேன். 25க்கு மேல் இருந்தால் அந்த வெயில் களைக்குப் போகிறது. முளைத்து ஒரு மாதத்திலேயே 10க்குக் கீழே இறங்கிவிட்டால் மிக நெருக்கம். தண்ணீரின்றிப் பயிர் வாடிய நாளில் அளக்க வேண்டாம். கௌபியும் உழுந்தும் வாட்டத்தில் இலையைத் திருப்பி விளிம்பை வெயிலுக்குக் காட்டும், சோளம் இலையைச் சுருட்டிக்கொள்ளும், அப்போது கணக்குப் பொய்த்துவிடும்.

வருகிற காலபோகத்தில் உங்கள் இனத்தையே மீண்டும் போடுவதானால், இரண்டடிக்கு ஓரடியில் குழிக்கு இரண்டு விதை ஊன்றி, நான்கு இலை விட்டதும் ஒன்றைப் பிடுங்கிவிடுங்கள். படைப்புழு கண்ட செடியையே பிடுங்கலாம். நிமிர்ந்த இலையுள்ள இனம் கிடைத்தால், ஒரு மூலையில் ஆறு வரிசையை மட்டும் இரண்டடிக்கு முக்கால் அடியில் வைத்து, ஓர வரிசைகளை விட்டு நடு நான்கு வரிசைகளின் மணியை உலர்த்தி நிறுத்து, அதே நீளமுள்ள மற்ற வரிசைகளோடு ஒப்பிடுங்கள். பொத்தியின் பருமனைப் பார்க்க வேண்டாம். நெருங்கிய இடத்தில் பொத்தி சிறிதாகத்தான் இருக்கும், தராசு சொல்வதை எடுங்கள். இரண்டு இனத்தின் இலைகளும் பூக்கும் நேரத்தில் எப்படி நின்றன, தடியில் எத்தனை வெயில் கட்டம் வந்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பினால், அதற்கடுத்த போகத்துக்கான இடைவெளியை உங்கள் காணியின் கணக்கிலிருந்தே பேசலாம்.